ஜேர்மன் சொல் அட்டை: முன்பக்கமும் பின்பக்கமும் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி இதுதான். கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி ஜேர்மன் ஏ1 பரீட்சைக்குப் படிக்கிறார். வேர்டில் டேபிள் போட்டு முதல் பக்கத்தில் ஜேர்மன் சொற்களும் இரண்டாம் பக்கத்தில் தமிழ் அர்த்தங்களும் அடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து வெட்டிப் பார்த்தால் மேசைக்குரிய சொல்லின் பின்னால் கதிரை வருகிறது. வெட்டுக்கோடும் பின்பக்கத்தில் எழுத்துக்கு மேலால் போகிறது. கடையில் கொடுத்து எடுத்தாலும் அதே கதை. வேர்டில் எதை மாற்றவேண்டும் என்று கேட்கிறார்.

வேர்டில் மாற்ற இருப்பது கொஞ்சம்தான். சிக்கல் பிரிண்டர் தாளைத் திருப்பும் விதத்தில் இருக்கிறது. உங்கள் பிரிண்டர் எப்படித் திருப்புகிறது, எவ்வளவு விலகுகிறது என்று ஒரு சோதனைத் தாளில் பார்த்துவிட்டுச் சொற்களை அடிக்கத் தொடங்கினால் பாதித் தலையிடி இல்லை. எல்லாரும் செய்வது மறுதலை: சொல்லை எல்லாம் அடித்து முடித்துவிட்டுப் பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது.

முதலில் சொல் மாறி வருவதைப் பார்ப்போம். ஒரு வெற்றுத் தாளை நிமிர்த்திப் பிடித்து, இடப்பக்க மேல் மூலையில் 1 என்றும் வலப்பக்க மேல் மூலையில் 2 என்றும் எழுதுங்கள். புத்தகத்தின் ஒற்றையைப் புரட்டுவதுபோல் அதைத் திருப்புங்கள். 1 இருந்த இடம் இப்போது வலப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முன்பக்க நிரையில் இடமிருந்து வலமாக 1, 2 என்று இருந்தால் பின்பக்க நிரையில் 2, 1 என்று இருக்கவேண்டும். மூன்று நிரல் என்றால் 3, 2, 1. நடு நிரல் அசையாது. நிரைகள் மேலிருந்து கீழாக அப்படியே இருக்கும், ஒவ்வொரு நிரைக்குள்ளும் இடம் வலம் மட்டும் மாறும். உங்கள் மேசையும் கதிரையும் இடம் மாறியது இதனால்தான்.

இது நீள விளிம்பில் திருப்பும்போது. பிரிண்ட் எடுக்கும் பெட்டியில் ‘ஃபிளிப் ஒன் லோங் எட்ஜ்’ என்று இருப்பது அது. ‘ஷோர்ட் எட்ஜ்’ என்று தெரிவு விழுந்திருந்தால் தாள் மேலும் கீழுமாகப் புரளும். அப்போது நிரல்கள் அப்படியே நிற்க, முதல் நிரையின் பின்னால் கடைசி நிரை வந்து விழும். எழுத்தும் தலைகீழாக நிற்கும். பக்கத்தை லாண்ட்ஸ்கேப்பில் கிடத்திப் போட்டவர்களுக்கு இது இன்னும் குழம்பும், ஏனென்றால் அங்கே நீள விளிம்பு மேலும் கீழும்தான் இருக்கிறது. பேசாமல் போர்ட்ரெய்ட், லோங் எட்ஜ் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை விட்டு அசையாதீர்கள்.

அடுத்தது அளவு. ஏ4 தாள் 210 க்கு 297 மில்லிமீட்டர். நாலு பக்கமும் 10 மில்லிமீட்டர் மார்ஜின் விட்டால் உள்ளே 190 க்கு 277 மிஞ்சும். இரண்டு நிரல், ஐந்து நிரை, ஒவ்வொரு அட்டையும் 95 க்கு 55 என்று போடுங்கள். கையில் அடங்கும் அளவு, ஒரு தாளில் பத்து அட்டை. ஐந்து 55 சேர்ந்தால் 275. மிச்சம் 2 மில்லிமீட்டர் கீழே சும்மா கிடக்கும். அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தெரிந்துதான் விடுகிறோம், காரணம் கீழே வருகிறது. முதல் வேலையாக பேஜ் சைஸ் ஏ4 தானா என்று பாருங்கள். சில கொம்பியூட்டர்களில் வேர்ட் லெட்டர் அளவில் திறக்கும். அது 216 க்கு 279. அந்தப் பக்கத்தை ஏ4 இல் அடித்தால் பிரிண்டர் தன் பாட்டில் சுருக்கியோ தள்ளியோ வைக்கும். நீங்கள் மில்லிமீட்டர் பார்த்ததெல்லாம் வீண்.

டேபிளைப் போட்டபின் டேபிள் புரொப்பர்ட்டீஸைத் திறந்து சில விஷயங்களைச் சரிபார்க்கவேண்டும். நிரையின் உயரத்தை 5.5 சென்டிமீட்டர் என்று கொடுத்து, பக்கத்தில் ‘அட் லீஸ்ட்’ என்று இருப்பதை ‘எக்ஸாக்ட்லி’ ஆக்குங்கள். அட் லீஸ்ட் என்று விட்டால் ஒரு அர்த்தம் இரண்டு வரி கூடினதும் அந்த நிரை வளரும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இறங்கும். எக்ஸாக்ட்லி போட்டால் பெட்டி வளராது, எழுத்து கூடினால் வெட்டுப்படும். வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியும், எழுத்தைச் சின்னதாக்கிவிடலாம். அதேபோல் ஒப்ஷன்ஸுக்குள் ‘ஓட்டோமற்றிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கொன்டென்ட்ஸ்’ என்பதன் சரியை எடுத்துவிடுங்கள். பிறந்த திகதிக்கு ஜேர்மனில் கெபூர்ட்ஸ்டாட்டும் என்று நீளமாக ஒரு சொல். அதுமாதிரி ஒன்று வந்தால் நிரல் தானாக அகன்று பக்கத்து நிரலை நெருக்கிவிடும்.

டேபிளின் அலைன்மென்ட்டை சென்டர் ஆக்குங்கள். இது பலர் கவனிக்காத இடம். வேர்டின் பழைய பதிப்புகளில் டேபிள் இடப்பக்க மார்ஜினைத் தாண்டிச் சுமார் 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், பெட்டிக்குள் இருக்கும் எழுத்து மார்ஜினோடு நேராக வரட்டும் என்பதற்காக. ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுப்பவருக்கு அது பொருட்டே இல்லை. தாளைத் திருப்பும்போதோ முன்பக்கம் ஒரு திசையில் 2, பின்பக்கம் மறு திசையில் 2 என்று சேர்ந்து 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்து நிற்கும். உங்கள் வெட்டுக்கோடு எழுத்துக்கு மேலால் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அந்த 2 மில்லிமீட்டர். வேர்ட் எந்த டேபிளின் கீழும் ஒரு வெற்றுப் பந்தியை வைத்தே தீரும், அதை அழிக்க விடாது. டேபிள் பக்கத்தை முட்ட நிரப்பினால் அந்தப் பந்தி அடுத்த பக்கத்துக்குத் தாவி ஒரு வெற்றுப் பக்கத்தை உண்டாக்கும். முன், பின், முன், பின் என்று போகவேண்டிய வரிசைக்குள் ஒரு வெற்றுப் பக்கம் புகுந்தால் அதற்குப் பிறகு ஒன்றும் ஒன்றோடு சேராது. அந்தப் பந்தியில் கேர்சரை வைத்து எழுத்தளவை 1 ஆக்கி, லைன் ஸ்பேசிங்கை எக்ஸாக்ட்லி 1 பொயின்ட், முன்னும் பின்னும் இடைவெளி 0 என்று கொடுங்கள். ஒரு பொயின்ட் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று அளவுதான், மிஞ்சிய இடத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது சொல் ஒன்றும் அடிக்காமல் சோதனைத் தாள். முதல் பக்கத்தின் பத்துப் பெட்டிக்குள்ளும் 1 முதல் 10 வரை பெரிதாக அடியுங்கள். இரண்டாம் பக்கத்தில் 2, 1, 4, 3, 6, 5 என்று மாற்றி. இரண்டு பக்கத்திலும் கோடுகள் இருக்கட்டும், பிறகு எடுப்போம். சாதாரணத் தாளில் இருபக்கமும் பிரிண்ட் எடுத்து ரியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். 1 இன் பின்னால் 1 தெரிகிறதா என்பது முதல் கேள்வி. பிறகு ஒரு குண்டூசியை எடுத்து, நடுவில் நாலு பெட்டியும் சந்திக்கும் புள்ளியில் முன்பக்கம் இருந்து குத்துங்கள். ஊசி பின்பக்கத்தில் எங்கே வெளிவருகிறது? அங்கேயும் கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே வந்தால் உங்கள் பிரிண்டர் தங்கம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் வரும். மேலும் இரண்டு மூன்று தாள் எடுத்துக் குத்திப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் அதை மார்ஜினில் திருத்தலாம்: பின்பக்கம் 1.5 மில்லிமீட்டர் வலமாக விழுந்தால் பின்பக்கத்தின் இட மார்ஜினை 8.5 ஆக்கி வல மார்ஜினை 11.5 ஆக்குங்கள். ஒரு தாளில் இடம், மறு தாளில் வலம் என்று அலைந்தால் அது உருளைகள் தாளைப் பிடிக்கும் பிடியின் குறை, வேர்டால் ஒன்றும் செய்யமுடியாது. ட்ரேயில் தாளை இருபக்கமும் அணைக்கும் பிளாஸ்டிக் தடுப்பை இறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் அடங்கும்.

எப்படியும் சில விலகல் மிஞ்சும். கடையில் இருக்கும் பெரிய மெசினுக்கும் அது உண்டு. அதனால் பின்பக்கத்தில் கோடே போடக்கூடாது. முன்பக்கத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு, அதுதான் வெட்டுக்கோடு. பின்பக்க டேபிளுக்கு ‘நோ போர்டர்’. எழுத்தைப் பெட்டியின் நட்ட நடுவில் வைத்து, சுற்றிவர 6, 7 மில்லிமீட்டராவது வெறுமையாக விடுங்கள். அப்போது 2 மில்லிமீட்டர் விலகினாலும் யார் கண்ணிலும் படாது. அழகுக்கு என்று இருபக்கமும் பூ வேலைப்பாடு போட்ட சட்டகம் வைப்பவர்கள்தான் கடைசியில் அழுவது.

வீட்டுப் பிரிண்டர் தானாகத் திருப்பாது என்றால் கையால் திருப்பவேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்று ஊகிக்கவேண்டாம், பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ட்ரேயில் வைத்த மேல் தாளின் மேற்புறத்தில், பிரிண்டருக்குள் முதலில் போகும் விளிம்போரம் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். எழுத்து அம்புக்குறி இருந்த பக்கத்தில் விழுந்ததா, மறுபக்கத்திலா, பக்கத்தின் தலை எந்த விளிம்பில் என்று பார்த்தால் அடுத்தமுறை எப்படி வைப்பது என்று தெரிந்துவிடும். தெரிந்ததை ஒரு துண்டில் எழுதிப் பிரிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள், அடுத்த மாதம் மறந்துபோகும். முன்பக்கங்கள் ஒரு கோப்பு, பின்பக்கங்கள் இன்னொரு கோப்பு என்று வைத்திருப்பது இதற்கு வசதி. மார்ஜின் திருத்தத்தைப் பின்பக்கக் கோப்பில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும். பின்பக்கம் அடிக்கும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஒன்று தள்ளி விழும் என்பதால் ஐந்து, பத்துத் தாளாகப் பிரித்து எடுங்கள். முன்பக்கம் அடித்து வந்த தாள் சூட்டில் வளைந்திருக்கும். அதைக் கொஞ்சம் ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து நேராக்கி, விசிறித் தட்டி அடுக்கிவிட்டு வையுங்கள். மாரி காலத்தில் இங்கே தாள் ஈரம் குடித்துக் கிடக்கும். திறந்த தாள்கட்டை மேசையில் விடாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் இரண்டாம் முறை சிக்குவது குறையும்.

தாளின் தடிப்பு பற்றி. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் நிறை, கிராமில்) தாளில் தடித்த கறுப்பு எழுத்து மறுபக்கம் தெரியும், விடை தெரிந்துகொண்டே படிப்பீர்கள். 160 அளவில் போதும். சின்ன லேசர் பிரிண்டர்கள் பல 163 ஜிஎஸ்எம் வரை தாங்கும். தானாகத் திருப்பும் வசதி இருக்கிறவையும் அந்த வேலைக்கு இன்னும் மெல்லிய தாளைத்தான் கேட்கும், ஆகவே அட்டை என்றால் கையால் திருப்புவதே சரி. பின்கதவைத் திறந்து நேராக வெளியே வரவிடும் வழி இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். பிரிண்ட் செட்டிங்கில் தாளின் வகையைத் தடித்த தாள் என்று மாற்ற மறக்கவேண்டாம். மாற்றாவிட்டால் சூடு போதாமல் டோனர் சரியாக ஒட்டாது, நகத்தால் சுரண்ட உதிரும். தினமும் கைபடும் அட்டைக்கு அது ஆகாது. பிரிஸ்டல் போட் வாங்கி ஏ4 ஆக வெட்டிக் கொண்டுவருபவர்களும் உண்டு. கையால் வெட்டிய தாள் மூலைக்கு மூலை சரியாக இராது, உருளைக்குள் சரிந்துதான் போகும். ஏ4 ஆக வெட்டிக் கட்டாக வரும் அட்டையையே வாங்குங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடமுடியாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர், நானும் ரைப்செட்டிங்கை அதில்தான் பழகினேன். ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம். பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான். “அம்மா” என்று நீங்கள் அடித்தது கொம்பியூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஜேர்மனும் தமிழும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும்போது ஒரு பெட்டிக்கு எழுத்துரு மாறினால் போதும், ஜேர்மன் சொல் தமிழ்க் கிறுக்கலாகும், தமிழ்ச் சொல் ஆங்கிலக் கிறுக்கலாகும். யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸில் நிர்மலா என்ற யூனிகோட் எழுத்துரு கூடவே வருகிறது. அது போதும்.

சொற்கள் எத்தனை என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு. கொழும்பில் கோத்தே இன்ஸ்டிடியூட் நடத்தும் ஏ1 பரீட்சைக்கான சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொற்கள். பத்துப் பத்தாக 65 தாள். அத்தனையையும் பெட்டி பெட்டியாக அடித்து, பின்பக்கத்துக்கு இடம் வலம் மாற்றி அடிப்பது பாவம். எக்செலில் அடியுங்கள்: முதல் நிரலில் ஜேர்மன், இரண்டாம் நிரலில் தமிழ், தலைப்பு நிரையோடு. மூன்றாம் நிரலை இடமாற்றத்துக்கு வையுங்கள். தலைப்புக்குக் கீழே அதன் முதற் பெட்டியில் ஈக்குவல் அடையாளம் அடித்து இரண்டாவது தமிழ்ச் சொல்லைக் கிளிக் செய்யுங்கள். அதன் இரண்டாவது பெட்டியில் ஈக்குவல் அடித்து முதலாவது தமிழ்ச் சொல்லைக் கிளிக் செய்யுங்கள். இப்போது அந்த இரண்டு பெட்டியையும் சேர்த்துத் தெரிவுசெய்து மூலையைப் பிடித்துக் கீழ்வரை இழுத்தால், மூன்றுக்கு நாலு, நாலுக்கு மூன்று என்று பட்டியல் முழுவதும் சோடி சோடியாக மாறிவிடும். சொற்களின் எண்ணிக்கையைப் பத்தின் மடங்காக நிரப்பி வையுங்கள். ஒற்றையாக முடிந்தால் சோடி இல்லாத இடத்தில் ஒரு 0 வந்து அட்டையில் பிரிண்ட் ஆகும்.

பிறகு வேர்டில் மெயிலிங்ஸ், ஸ்டார்ட் மெயில் மேர்ஜ், லேபல்ஸ். புதிய லேபல் ஒன்றை உண்டாக்கி ஏ4, அகலம் 95, உயரம் 55, குறுக்கே 2, கீழ்நோக்கி 5, மேல் மார்ஜினும் பக்க மார்ஜினும் 10, பிட்ச் என்று கேட்கும் இரண்டு இடத்தில் குறுக்குக்கு (ஹொரிசொன்டல்) 95 உம் நெடுக்குக்கு (வேர்ட்டிக்கல்) 55 உம் கொடுங்கள். டேபிளை வேர்டே அளவாகப் போட்டுத் தரும். எக்செல் கோப்பைத் தொடுத்து, முதற் பெட்டியில் ஜேர்மன் நிரலை வைத்து, எழுத்தளவையும் நடுவாக்கலையும் அங்கேயே முடித்துவிட்டு ‘அப்டேட் லேபல்ஸ்’ அழுத்தினால் பத்துப் பெட்டிக்கும் போய்விடும். ஃபினிஷ் கொடுத்தால் முன்பக்கக் கோப்பு தயார். அதே லேபலில் மூன்றாம் நிரலை வைத்து இன்னொருமுறை செய்தால் பின்பக்கக் கோப்பு. சொல்லின் தொடரிலக்கத்தையும் இதேபோல் இன்னொரு நிரலில் மாற்றி வைத்து, இருபக்கமும் மூலையில் 7 பொயின்ட்டில் போட்டால் நல்லது. வெட்டிய பிறகு ஒரு அட்டையை எடுத்து முன் 143, பின் 143 என்று பார்த்தாலே தாள் தள்ளியதா இல்லையா தெரியும்.

ஜேர்மன் பெயர்ச்சொல் என்றால் அதன் பாலைக் காட்டி முன்னால் வரும் டேர், டீ, டாஸ் இல்லாமல் அட்டை போடாதீர்கள். பன்மையும் கூடவே இருக்கட்டும். சிலர் டேர் சொல்லுக்கு நீலத் தாள், டீ சொல்லுக்கு ரோஸ் தாள், டாஸ் சொல்லுக்குப் பச்சைத் தாள் என்று கலர் ஏ4 வாங்குகிறார்கள். கேட்க நல்ல யோசனைதான். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஜேர்மன் சொல்லும்போது தாளின் நிறமே விடையைச் சொல்லிவிடும் என்பதுதான் அதன் கோளாறு. வெள்ளைத் தாளில் ஜேர்மன் எழுத்தை மட்டும் நிறமாக்குங்கள், அல்லது கறுப்பில் எடுத்துவிட்டு ஜேர்மன் பக்கத்தில் கலர் பேனையால் ஒரு கோடு இழுங்கள். ஜேர்மன் பக்கத்தில் சின்னதாக ஒரு வசனமும் சேர்க்கலாம். அதற்கு மேல் ஒரு அட்டைக்குள் திணிக்கவேண்டாம்.

முப்பது, நாற்பது சொல்தான் என்றால் மேலே சொன்ன ஒன்றுமே வேண்டாம். ஒரு பக்கமாகவே, ஒரே நிரையில் இடப்பக்கம் ஜேர்மன், வலப்பக்கம் தமிழ் என்று பிரிண்ட் எடுத்து, நிரை நிரையாக வெட்டி நடுவில் மடித்துப் பசை வையுங்கள். தாள் திரும்பவே இல்லை, ஆகவே பிழைக்க இடமும் இல்லை. 80 ஜிஎஸ்எம் தாளே இரண்டு மடிப்பில் தடித்துவிடும். மறுபக்கம் தெரிவதும் குறையும். ரியூசனில் சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை செய்யும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். 650 சொல்லுக்கு மடித்து ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறதோ அவர்கள் அதையும் செய்யட்டும்.

கடையில் கொடுப்பதென்றால் வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுடைய கொம்பியூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் உடையும். பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். தானாகத் திருப்பும் மெசினுக்கு முன், பின், முன், பின் என்று ஒரே கோப்பாக இருக்கவேண்டும். இரண்டு பிடிஎஃப்பை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, கடைக்காரரே பெரும்பாலும் செய்து தருவார். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கம்பஸை, அதாவது பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடைகளில் பரீட்சைக் காலத்தில் நிற்க இடம் இருக்காது, அந்த நேரத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, காலையில் போங்கள். சொல்லவேண்டியது இரண்டு: லோங் எட்ஜ், அக்சுவல் சைஸ். ‘ஃபிட்’ என்று இருந்தால் பக்கம் சில வீதம் சுருங்கும். அட்டை கொஞ்சம் சிறுத்தால் குடி முழுகாதுதான், ஆனால் நீங்கள் வீட்டில் பார்த்த மார்ஜின் திருத்தம் அங்கே பொருந்தாது. உண்மையில் அந்தத் திருத்தம் உங்கள் பிரிண்டருக்கு உரியது, கடை மெசினுக்கு மார்ஜின் 10, 10 என்று சமனாக உள்ள கோப்பையே கொடுங்கள். முதலில் ஒரே ஒரு தாளை எடுத்துத் தரச்சொல்லி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

வெட்டுவதையும் அங்கேயே கட்டிங் மெசினில் கொடுத்துவிடலாம். தாள்கட்டை மேசையில் தட்டி இரண்டு விளிம்பை நேராக்கி, கோடு உள்ள முன்பக்கம் மேலே இருக்க வைத்து வெட்டவேண்டும். முதலில் சுற்றிவர உள்ள மார்ஜின், பிறகு நடு நெடுக்கு வெட்டு, பிறகு குறுக்கு வெட்டுகள். ஒரே கட்டாக வெட்டுவதால் மேல் தாளின் கோடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் கோடு. ஆகவே கட்டில் மிக நேராக அடிபட்ட தாளைத் தேடி அதை மேலே வையுங்கள். லமினேற் பண்ணட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வழுக்கும், அடுக்கினால் நிற்காது, காசும் கூட. பத்துப் பத்தாக றப்பர் பாண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.